வார்ஃபரினின் விலாசம்

தாஹாவுக்கு வாய் சும்மா இருக்காது. காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் மாத்திரையைக் கொடுத்தோமா, அடுத்த ஆளைப் பார்த்தோமா என்றிருக்க வேண்டாமா? எந்த மருந்துக்கு எப்படிப் பேர் வந்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பான். இதய வால்வு மாற்றிக்கொண்டு வந்த குமரப்பனிடமும், “அண்ணே, இந்த வார்ஃபரினை முதல்ல எலி மருந்தாத்தான் வித்தாக, தெரியுமா?” என்று சொல்லித் தொலைத்தான்.

மறுநாள் காலையில் அவர் மனைவி சிகப்பி ஆச்சி கடை முன்னால் நின்றார்.

“ஏந்தம்பி, ஒனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? ‘நான் என்ன பெருச்சாளியா’ன்னு மாத்திரையைத் தொட மாட்டேங்கறாக. ரத்தம் உறைஞ்சா புது வால்வு அடைச்சுக்கிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்குப் பயமா இருக்கு. அவுகளுக்கு ஒண்ணுன்னா ஒன்னைய விட மாட்டேன், ஆமா!”

தாஹா கடையைச் சாத்திவிட்டு ஆச்சி பின்னாலேயே போனான்.

குமரப்பன் முகப்பில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வாசல் நிலைக்கு மேலே சலவைக்கல்லில் வீட்டு விலாசம்: ஐயா, பாட்டன், பூட்டன் என்று வரிசையாகத் தலைப்பெழுத்துகள். செட்டிநாட்டில் ஆளைத் தெரியாவிட்டாலும் விலாசத்தைச் சொன்னால் போதும், உட்காரச் சொல்லிக் காபி வரும். அதைப் பார்த்ததும் தாஹாவுக்குப் போன உயிர் வந்தது.

“அண்ணே, நேத்து பாதிதான் சொன்னேன். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல படிச்சு முடிச்சவுக சேந்து வச்ச அறக்கட்டளைதான் இந்த ஆராய்ச்சிக்குக் கை கொடுத்துச்சு. அதோட இங்கிலீஷ் பேர்ல தலைப்பெழுத்து நாலையும் சேத்தா ‘வார்ஃப்’. கூமரின்ங்கிற மூலப்பொருள் பேரோட வால் ‘அரினை’ப் பின்னால ஒட்டிட்டாக.”

“அப்ப விலாசம் போட்ட மருந்தா?” குமரப்பன் நிமிர்ந்தார். “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? மோசமான சரக்குக்கு எவனாவது விலாசத்தைக் கொடுப்பானா? சிகப்பி, தண்ணி கொண்டா!”

அந்தப் பேரே எலிக்கு விற்றபோது வைத்ததுதான். அதையும் சொல்லிவிட தாஹாவுக்கு நாக்குத் துறுதுறுத்தது. ஆச்சி முறைத்த முறைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டான்.

வார்ஃபரின் உள்ளே போனது. ஆச்சி அடுத்து பிரஷர் மாத்திரையை நீட்டினார்.

“இதுக்கு என்ன விலாசம்?” என்றார் குமரப்பன்.

தாஹா மாத்திரையைக் குனிந்து பார்த்தான். “தெரியலையே அண்ணே.”

“விலாசம் தெரியாததையெல்லாம் எப்படி உள்ள விடுறது?” குமரப்பன் வாயை இறுக மூடிக்கொண்டார்.

ஆச்சி செம்பை ணங்கென்று தரையில் வைத்தார்.

“இந்த வீட்டு விலாசத்துல என் எழுத்து ஒண்ணுகூட இல்ல. இந்த மாத்திரைக்கு நாந்தான் விலாசம். ம், வாயத் தொறங்க!”

குமரப்பன் திறந்தார்.