இரண்டு அங்குலம் இறங்கிய கார்

ஒரு பழைய காரைச் சரிசெய்ய அருண்குமாருக்கு இரண்டு வருடம் ஆயிற்று என்று சொன்னால், இரண்டு வருடமும் ஆள் பாடுபட்டிருக்கிறான் என்று யாராவது நினைத்துவிடக்கூடும். அவன் மனைவி காவேரியிடம் கேட்டுப் பாருங்கள். அதில் ஒன்றரை வருடம் அவன் காருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வேறு எவனோ எங்கேயோ கார் சரிசெய்வதைச் செல்போனில் பார்த்தான். மிச்சமிருந்த ஆறு மாதத்தில் பாதி, பார்த்ததையெல்லாம் தானே செய்வதுபோல் வீடியோ எடுப்பதில் போயிற்று.

கார், எண்பத்தைந்தாம் வருடத்து மாருதி 800. கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டர் வீட்டுப் பின்புறம் கோழி அடைந்து கிடந்ததை லாரியில் ஏற்றிக் காரிமங்கலத்துக்குக் கொண்டுவந்தான். இறக்கும்போதே சொன்னான்.

"உனக்குத்தான் காவேரி. இனி ஸ்கூலுக்கு நீயே ஓட்டிக்கிட்டுப் போவலாம்."

காவேரி தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவன் பேச்சை நம்பி, தருமபுரிக்குப் போய் இருபத்திரண்டு நாள் கார் ஓட்டப் பழகி, லைசன்ஸும் வாங்கிவிட்டாள். அந்த லைசன்ஸ் இரண்டு வருடமாக அவள் கைப்பையில் ரேஷன் கார்டு பக்கத்தில் தூங்கியது. கார் கொட்டகைக்குள் அவள் கால் வைத்தாலே அருண்குமாருக்கு வியர்த்துவிடும். "தொடாத, பெயிண்ட் காயல." "ஏறாத, சீட்டு இன்னும் டைட் பண்ணல." "கிளட்ச் புதுசு, உன் காலுக்கு வராது." ஆனால் அவள் இட்லிக் குண்டானை எடுத்து, அதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கார்புரேட்டரை ஊறப்போடுவதற்கு மட்டும் அவனுக்கு யாரிடமும் அனுமதி தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் உண்மையில் வேலை செய்தவர் நஞ்சப்பன் மெக்கானிக். எஞ்சினை இறக்கியவரும் அவர்தான், ஏற்றியவரும் அவர்தான். வீடியோவில் அவருடைய கை மட்டும் வரும். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற கை என்று அருண்குமார் குரல் கொடுத்திருப்பான். நிறத்தைப் பற்றி நான்கு மாதம் யோசித்துவிட்டுச் சாம்பல் அடித்தான். வெளிநாட்டில் இதுதான் இப்போது ஓடுகிறதாம். காவேரிக்கு அது வெள்ளை அடிக்காமல் விட்ட சிமெண்டுச் சுவராகத்தான் தெரிந்தது.

அதோடு விட்டிருந்தாலும் தேவலை. பழசை அப்படியே மீட்கப் போகிறேன் என்று தொடங்கியவன், மீட்டு முடித்ததும், இப்படியே ஓட்டினால் ஒரு பயலும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று கண்டுபிடித்தான். அகலமான டயர் வந்தது. முன் பம்பருக்குக் கீழே உதடுபோல ஒரு கறுப்புப் பட்டி வந்தது. கடைசியாக, கார் தரையோடு தரையாகப் படுத்த மாதிரி இருக்க வேண்டுமென்று முன் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டி, பின்னால் ஸ்பிரிங் பட்டை ஒன்றை உருவி, வண்டியை இரண்டு அங்குலம் இறக்கினான்.

"நம்ம ரோட்டுக்கு இது ஆவாதுங்க தம்பி," என்றார் நஞ்சப்பன்.

"இதுக்குப் பேரு ஸ்டான்ஸுங்கண்ணா. உங்களுக்குப் புரியாது."

நஞ்சப்பன் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். இவனிடம் வாயைக் கொடுப்பதற்கு ஒரு டீ குடிக்கலாம் என்று அவர் நினைத்திருப்பார். காவேரியும் அப்படித்தான் நினைத்திருப்பாள், அந்த நேரத்தில் அவளுக்குப் பதவி உயர்வு வராமல் இருந்திருந்தால்.

கம்பைநல்லூருக்கு அப்பால், உள்ளடங்கிய ஊர் ஒன்றின் நடுநிலைப்பள்ளியில் தலைமை ஆசிரியை. பதினெட்டு வருடம் காத்திருந்த பதவி. ஆனால் காலையில் அந்த ஊருக்குப் பள்ளி நேரத்தில் போய்ச்சேர பஸ் கிடையாது. முதல் பஸ்ஸே மதியத்தை ஒட்டித்தான் போய்ச்சேரும். கலந்தாய்வு நடந்த இடத்திலிருந்து அவள் போன் போட்டு, எடுக்கவா வேண்டாமா என்று கேட்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டு எடு," என்றான் அருண்குமார். "கார்தான் ரெடியாயிடுமே."

எடுத்தாள். திங்கட்கிழமை முற்பகலுக்குள் பணியில் சேர வேண்டும், தவறினால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று உத்தரவில் தெளிவாகப் போட்டிருந்தது. அடுத்து வரிசையில் நின்ற ஆசிரியை அன்றிரவே போன் செய்து, ரொம்ப அக்கறையாக, "பஸ் இல்லையாமே மேடம், எப்படிச் சமாளிப்பீங்க?" என்று விசாரித்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தான். ஓட்டுவது அவன்தான். "முதல் நாள், நீ டென்ஷன்ல இருப்ப. நானே கொண்டுபோய் விடறேன்." கண்ணாடிமேல் செல்போனை ஒட்டவைத்து வீடியோவை ஓடவிட்டான். பட்டுப்புடவையும் சான்றிதழ் கோப்புமாகக் காவேரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். இருக்கை தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. "வணக்கம் நண்பர்களே" என்று அவன் போனைப் பார்த்துப் பேசத் தொடங்கியபோது, பன்னிரண்டு மணிக்குள் போய்ச்சேர்ந்தால் போதும் சாமி என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

ஐம்பது அடி போனார்கள்.

அவர்கள் தெரு மெயின் ரோட்டில் சேருமிடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. அதன் கதையைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன், பையன்கள் பைக்கில் பறக்கிறார்கள் என்று மனு எழுதிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு நான்கு திங்கட்கிழமை நடந்தவன் அருண்குமார். தடை போட ஆள் வந்தபோது கூடவே நின்று, "இன்னும் ரெண்டு இஞ்சு ஏத்துங்க, அப்பதான் பயம் இருக்கும்" என்று கான்கிரீட்டைக் கொட்டவைத்தவனும் அவனே. வயல் வரப்புபோல எழும்பி நின்ற அதைத்தான் இன்றுவரை 'என்னோட ஸ்பீட் பிரேக்கர்' என்று சொல்லிக்கொள்வான்.

முன் சக்கரம் ஏறி இறங்கியது. அடுத்த நொடி, காரின் வயிற்றுக்குக் கீழே கரகரவென்று ஒரு சத்தம். கார் தடையின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டது. அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். சைலன்சர் கத்தியது, வண்டி அசையவில்லை.

பின்னால் அதே தெரு முனிராஜின் 'சின்ன யானை' மினி லாரி தக்காளிக் கூடைகளோடு வந்து நின்று ஹாரன் அடித்தது. சந்தைக்குப் போகக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த காசியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்பா, வண்டி முட்டை போடுதா?"

அருண்குமார் காதில் வாங்காததுபோல் இறங்கி, குனிந்து பார்த்து, மறுபடியும் ஏறினான். முகம் கறுத்திருந்தது.

"நேத்து நான் ஒண்டியா வந்தப்ப பூ மாதிரி தாண்டுச்சே! இன்னைக்கு நீ ஏறியிருக்கற இல்ல, அதான் வெயிட். கொஞ்சம் எறங்கு."

காவேரி அவனைப் பார்த்தாள். இரண்டு வருடம், ஒரு இட்லிக் குண்டான், பதினெட்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற பதவி, எல்லாம் சேர்ந்து கடைசியில் அவள் உடம்பு கனம்தான் குற்றமாம். மூன்று வருடத்துக்கு முன் ஏற்றிய இரண்டு அங்குலமும் போன மாதம் இறக்கிய இரண்டு அங்குலமும் இந்த மனுஷன் மண்டைக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை. கோபம்கூட வரவில்லை. இத்தனை நாள் இவனுக்காகக் காத்திருந்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இறங்கினாள். பாரம் குறைந்ததும் கார் ஒரு விரற்கடை எழும்பியது தெரிந்தது. கோப்பை எடுத்துக்கொண்டு முன்பக்கமாகச் சுற்றிவந்து, அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இதுல ஒரு ஆளுதான் போவ முடியும், இல்லைங்களா?"

"ஆமா, தாண்டுற வரைக்குந்தான்…"

"கம்பைநல்லூர் போறதுக்குள்ள இது மாதிரி இன்னும் பதினோரு தடை இருக்குது. ஒவ்வொண்ணுலயும் நான் எறங்கி ஏறணுமா?"

அவன் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டான்.

"யாருக்குன்னு சொல்லி இந்தக் காரை எடுத்தாந்தீங்க?"

முனிராஜ் ஹாரனை விட்டுவிட்டு எஞ்சினையும் அணைத்தான். காசியம்மாள் கூடைமேல் கையூன்றி எழுந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"உனக்…குத்தான்," என்றான் அருண்குமார்.

"அப்ப நீங்க எறங்குங்க."

இறங்கினான். அத்தனை பேர் பார்க்கும்போது வேறென்ன செய்வான். காவேரி உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டு, பெல்ட்டை மாட்டினாள். இருபத்திரண்டு நாளில் சொல்லிக்கொடுத்தபடி கிளட்ச்சை அழுத்தி, கியரைப் போட்டு, காலை மெல்ல எடுத்தாள். புதுக் கிளட்ச் அவள் காலுக்கு நன்றாகவே வந்தது. பின் சக்கரம் தடைமேல் ஏறி, அலுங்காமல் இறங்கியது.

"மெதுவா! முன்னாடி பட்டி ஒரசும்!" என்று கத்திக்கொண்டே அருண்குமார் நாலடி ஓடிவந்தான். அவள் மெயின் ரோட்டில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினாள்.

அவன் தன் வேகத்தடையின்மேல் நின்றான். முனிராஜ் வண்டியைக் கிளப்பி, தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. நீங்க ஒருத்தருதான் குறுக்க இருக்கறீங்க."

ஓரமாக நகர்ந்த பிறகுதான் அருண்குமாருக்குச் செல்போன் ஞாபகம் வந்தது. அது காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, காவேரி ஓட்டுவதைப் படம் பிடித்தபடி கம்பைநல்லூர் போய்க்கொண்டிருந்தது.