இடக்கையின் வேலை

கஸ்வானின் முதல் சுத்தியல் அடியில் சுவர் ஓடு சிதறி அவன் கன்னத்தையே கிழித்தது. துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது அடியில் கைப்பிடிக் கம்பி சுவரைவிட்டுக் கழன்று தொங்கியது. மூன்றாவது தேவையே இல்லை, ஆனாலும் அடித்தான். அவன் தம்பி நிசாரைக் கொன்றது இந்தக் கம்பிதான்.

மோசுல் நகரில், போரில் ஊனமானவர்களுக்கு உதவித்தொகை தரும் அலுவலகம் அது. அவர்களுக்கென்றே புதிதாகக் கட்டிய கழிப்பறை. வரைபடம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதில் கம்பி இடப்பக்கச் சுவரில் இருந்தது. கையில் எடுத்துக் கழுவுகிற ரப்பர் குழாயே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் காகிதத்தால் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள். இங்கே அது நடக்குமா? குழாயையும் இடப்பக்கமே மாட்டச் சொன்னார் இஞ்சினியர் முவஃபக்.

"கழுவுறதும் இடது கை, பிடிக்கிறதும் இடது கைன்னா எப்படிங்க?" என்று கஸ்வான் அன்றே கேட்டான்.

"படத்துல உள்ளபடி மாட்டு மேஸ்திரி. உன் மூளைக்கு யாரும் கூலி குடுக்கல."

மாட்டினான். தன் கையால் மாட்டினோமே என்பதுதான் இப்போது அவன் நெஞ்சை அறுத்தது.

நிசார் கண்ணிவெடியில் வலது காலை இழந்தவன். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தான். குழாயை எடுக்கக் கம்பியை விட்டான், சரிந்தான். கைகழுவும் தொட்டியின் விளிம்பு மண்டையைப் பிளந்தது. வலது கையால் கழுவியிருக்கலாமே என்று துக்கம் கேட்க வந்த இடத்தில் சொன்னவர்களும் உண்டு. அந்தக் கையால் அவர்கள் சோறு தின்னட்டும், பார்க்கலாம்.

மூன்று நாள் பூட்டிக் கிடந்த அலுவலகம் இன்று ஒன்பது மணிக்குத் திறக்கிறது. வெளியே ஊன்றுகோல்கள் தட்டும் சத்தம் இப்போதே கேட்டது. இன்னொருவன் விழுவதற்குள் கம்பி வலப்பக்கம் போயாக வேண்டும். கஸ்வான் சுவரைத் துளைத்து, விரல் நீள போல்ட்டுகள் நான்கை முடுக்கினான்.

முடுக்கி நிமிர்ந்தால் வாசலில் முவஃபக்.

"யாரைக் கேட்டுடா கை வச்ச? போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. கழட்டு."

"மாட்டேன் இஞ்சினியரே."

"உன் தம்பிக்குப் பிடிச்சு உக்காரத் தெரியல. அதுக்குக் கம்பி என்ன பண்ணும்?"

கஸ்வான் சுத்தியலைக் கீழே போட்டான். கையில் இருந்தால் கொன்றுவிடுவோம் என்று தெரிந்துதான் போட்டான். வெறுங்கையால் வாயில் குத்தினான். முவஃபக்கின் பல் ஒன்று தரையில் விழுந்தது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஸ்பானரை எடுத்து விலாவில் இறக்கினார். கஸ்வானுக்கு உள்ளே ஏதோ முறிந்தது. அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். குழாய் மிதிபட்டுத் தரையெல்லாம் தண்ணீர். பலம் கொண்டமட்டும் தள்ளினான்.

முவஃபக்கின் கால் வழுக்கியது. பின்மண்டை அதே தொட்டி விளிம்பை நோக்கிப் போனது. விழட்டும் என்றே கஸ்வான் நினைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தம் வரவில்லை.

திறந்து பார்த்தான். முவஃபக் வலது கையால் கம்பியைப் பிடித்தபடி கழிப்பறை இருக்கையில் பாதி சரிந்து கிடந்தார். முழு பாரமும் கம்பியில்தான். நான்கு போல்ட்டும் அசையவில்லை. வாயிலிருந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. கம்பியை விட மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

கஸ்வான் விலாவைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான்.

"இடது கை சும்மாதானே இருக்கு," என்றான். "கழுவிக்குங்க."

முவஃபக் இடது கையை நீட்டிக் குழாயை எடுத்தார்.