சர்க்கரைக் கிண்ணத்தின் மூடி

எல்லா வியாழனும் போல வெர்னா வீட்டில் காப்பிக்கு உட்கார்ந்திருந்தேன். அவள் ஜாம் பாட்டிலை மூடிவைத்திருந்த பச்சைக் கண்ணாடி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1930களின் அமெரிக்கப் பணப் பஞ்சத்தில் ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாக வந்த கண்ணாடி. அதற்கான சர்க்கரைக் கிண்ணம் என்னிடம் இருக்கிறது. மூடிக்காகப் பதினோரு வருடமாக ஓஹையோவின் பழைய சாமான் சந்தைகளில் அலைகிறேன்.

அவள் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். என் விரல் தானாகப் போய் மூடியின் விளிம்பைச் சுற்றியது. எங்காவது சில்லு தெறித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, பழைய கண்ணாடி சேர்க்கிறவர்களின் கெட்ட பழக்கம்.

வெர்னா பேச்சை நிறுத்தினாள்.

"எங்கயும் உடையல லோரீன். நானும் தடவிப் பாத்துட்டேன்."

"எனக்குக் குடுத்துடேன்டி. ஜாமை மூட வேற தட்டா இல்ல?"

"நீ வர்ற அன்னிக்கு மட்டும்தான் அதை வெளிய எடுக்கிறேன். உன் அலமாரியில கிண்ணத்தைப் பாத்த நாள்லேருந்து. நீ கிண்ணத்தைக் குடு."

மூன்று வருடமாக வியாழன்தோறும் என்னைக் காப்பிக்குக் கூப்பிட்டது என் கிண்ணத்துக்காகத்தான் என்று இப்போதுதான் புரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கோட்டை மாட்டினேன்.

"அடுத்த வியாழன் வருவேல்ல?" என்றாள்.

வராமல் எங்கே போவது? மூடி அங்கேதானே இருக்கிறது.