மாணவர் தரப்பு உறுப்பினர்

முதுகெலும்புள்ள எந்தப் பிராணியாலும் துணைவேந்தரின் மின்னஞ்சல் போல ஒன்றை எழுத முடியாது என்பது ஸ்ரீநிவாஸின் கண்டுபிடிப்பு. இதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. கான்டீன் படிக்கட்டில் நின்று, ஒரு கையில் மண்குவளை டீயும் மறு கையில் போனுமாக, உலக விஞ்ஞானிகள் எதிரே குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்போடு வங்காள மொழியில் அறிவித்தான்.

"ஆழ்ந்த வருத்தம்னு இருக்கு. வருத்தப்படறவரைத் தேடிப் பாருங்க, கிடைக்க மாட்டார். டிக்கெட் எடுக்காத பிரயாணி மாதிரி வருத்தம் மட்டும் தனியா வந்து நிக்கும். முதுகெலும்பு இருக்கிறவனுக்கு இப்படி எழுத உட்கார்ந்தா இடுப்பு பிடிச்சுக்கும்."

படிக்கட்டு சிரித்தது. துணைவேந்தரிடமிருந்து மின்னஞ்சல் வந்தால், டீ ஆறுவதற்குள் ஸ்ரீநிவாஸ் தோளில் ஒரு துண்டைச் சால்வையாகப் போட்டுக்கொண்டு அவர் குரலில் வாசிக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தில் தவறாமல் நடந்துவந்த ஒரே நிகழ்ச்சி அதுதான். இளையவர்கள் அவனை அண்ணன் முறை வைத்து 'ஸ்ரீனிதா' என்பார்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, டாக்குரியாவில் வீடு, இயற்பியலில் கடைசி வருடம்.

நகைச்சுவையில் பாதி மஹிமாவுடையது. கரக்பூர் ரயில்வே குடும்பத்துப் பெண், மாணவியர் விடுதியில் இருந்தாள். கூட்டத்துக்கு நடுவிலேயே இருவரும் தமிழில் பேசி வசனம் தயாரிப்பார்கள். சுற்றி ஒருவருக்கும் புரியாது. நானூறு பேர் நடுவே கதவு சாத்திய அறை கிடைத்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

பூஜை விடுமுறை முடிந்து சில வாரங்களில் விடுதிப் பெண்கள் ஒவ்வொருவராகக் காமாலை வந்து மஞ்சளானார்கள். மஹிமாவின் அறைத்தோழி அனன்யாவுக்குத்தான் மோசம். அலிப்பூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில், கண்ணைத் திறக்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள். முர்ஷிதாபாதிலிருந்து ஓடிவந்த அவளுடைய அம்மா அழவில்லை, சத்தம் போடவில்லை. மஹிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "தண்ணி கெட்டுப்போச்சுன்னு அவங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"கேட்டுச் சொல்றேன் காக்கிமா" என்றாள் மஹிமா, வங்காள வழக்கப்படி சித்தி முறை வைத்து.

துணைவேந்தரின் மின்னஞ்சல் வந்தது. சமீபத்திய நிகழ்வுகள் ஆழ்ந்த வருத்தம் அளிக்கின்றன. நாம் ஒரே குடும்பம். விடுதிக் குடிநீர் பாதுகாப்பானது. மாணவர்கள் வெளி உணவைத் தவிர்க்கவும், வதந்திகளை நம்ப வேண்டாம். மறுநாள் காலை, வாசலில் புச்கா என்கிற பானிபூரி விற்றுக்கொண்டிருந்தவரைக் கூடையும் முக்காலியுமாகக் காவலர்கள் அப்புறப்படுத்தினார்கள். நிர்வாகம் எடுத்த முதல் நடவடிக்கை அது. கடைசியும் அதுதான்.

மாணவர்கள் கேரோ செய்தார்கள். துணைவேந்தர் அறைக்கு வெளியே நடை முழுக்க உட்கார்ந்து அவரை வெளியே விடாமல் வைத்தார்கள். முற்றுகையிடப்பட்டவரானாலும் டீ கொடுக்காமல் இருப்பது அங்கே வழக்கமில்லை, அதனால் உள்ளேயும் டீ போனது. சர்க்கரை இல்லாமல், அவருக்கு ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது டீயில் அவர் இறங்கிவந்தார். விசாரணைக் குழு. அதில் மாணவர் தரப்பில் ஓர் உறுப்பினர்.

ஸ்ரீநிவாஸ் பெயரை முன்மொழிந்தது மஹிமாதான். நடையே கைதட்டியது.

"உள்ள என்ன பேசினாலும் ஒரு வார்த்தை விடாம வந்து வாசிச்சுக் காட்டறேன்" என்றான் அவளிடம் தமிழில். "இருமினாக்கூட இருமிக் காட்டறேன் பாரு."

முதல் கூட்டம் முடிந்த அன்று மாலை, பெரிய தண்ணீர் கேன் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு விடுதி வாசலுக்கு வந்தான். வாட்ச்மேனிலிருந்து மாடிப் பெண்கள் வரை ஊளையிட்டார்கள்.

"என்னடா இது?"

"உனக்குச் சட்டுனு தொண்டை கட்டுமில்ல? இதையே குடி. தீர்ந்தா சொல்லு."

அவளுக்குக் காது சூடானது. கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்க வந்தவள் அதை மறந்துபோனாள்.

அடுத்து இரண்டு கூட்டங்கள் நடந்தன. படிக்கட்டில் வாசிப்பு எதுவும் நடக்கவில்லை. யார் கேட்டாலும் "ஆகட்டும், எதுக்கும் ஒரு முறைன்னு இருக்கில்ல" என்றான். சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தான்.

டாக்குரியா ஏரிக்கரைக்கு அவனை வரவழைத்து, நேராகக் கேட்டாள். "அனன்யா அம்மாவுக்கு நான் பதில் சொல்லணும் சீனு. எப்பத்திலேருந்து தெரியும்?"

ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பூஜைக்கு முன்னாடியே. தண்ணியைச் சோதிச்சுக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. தொட்டியைக் கழுவ ஆள் வரல. லீவு முடிஞ்சு பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க. இது உன்னோட இருக்கட்டும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் கூட்டத்துலயே."

கேன் அவள் நினைவுக்கு வர ஒரு கணம் பிடித்தது.

"அதனாலதான் அன்னிக்குத் தண்ணி கொண்டுவந்தியா?"

"பின்னே? உன்னை அப்படியே விட்டுருவேனா?"

"மாடில மத்தவங்க எல்லாரும் இன்னிக்கும் அந்தக் குழாயிலதான்டா குடிக்கறாங்க. பாதுகாப்பானதுன்னு மெயில் வந்திருக்கில்ல."

"வெளிய சொன்னா நாளைக்கே என்னைக் குழுலேருந்து தூக்கிடுவாங்க, மஹி. உள்ள இருந்தாத்தான் ஏதாவது பண்ண முடியும். வி.சி. நெஜமாவே ரொம்ப வருத்தப்படறார், தெரியுமா? நேர்ல பாத்தா வேற மாதிரி மனுஷர்."

அவனைத் தவிர வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால், அதை வைத்து ஒரு வாரத்துக்கு வசனம் எழுதியிருப்பார்கள் இருவரும். அவள் எழுந்தாள். தமிழ் தெரிந்த ஒரே காரணத்துக்காக அவளுக்கு நல்ல தண்ணீர் கிடைத்திருந்தது.

"நாளைக்குப் படிக்கட்டில எல்லாருக்கும் சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்வேன்."

மறுநாள் படிக்கட்டு கொள்ளாத கூட்டம். காக்கிமாவும் மருத்துவமனையிலிருந்து நேரே வந்து ஓரமாக நின்றிருந்தாள். ஸ்ரீநிவாஸ் மேல்படியில் ஏறினான்.

"நண்பர்களே," என்று வங்காளத்தில் ஆரம்பித்தான். "சமீபத்திய நிகழ்வுகள் நம் எல்லாருக்கும் ஆழ்ந்த வருத்தம் அளிக்கின்றன."

படிக்கட்டு வெடித்துச் சிரித்தது. ஒருவன் விசிலடித்தான். "குரு, ஸ்ரீனிதா! சால்வை எங்கே?" என்று பின்னாலிருந்து ஒரு துண்டு பறந்து வந்து அவன் தோளில் விழுந்தது. அவன் அதை எடுத்து மடித்து, பக்கத்தில் வைத்தான்.

"விசாரணை உரிய முறையில் நடந்துவருகிறது. இந்தக் கட்டத்தில் விவரங்களை வெளியிடுவது யாருக்கும் நன்மை தராது."

இன்னும் சிரித்தார்கள், அவனுடைய முகத்தைப் பார்க்காமல். முன்வரிசை முதலில் சிரிப்பை நிறுத்தியது. பிறகு சிரிப்பு படிப்படியாக, ஒவ்வொரு வரிசையாக இறங்கி அடங்கியது. காக்கிமா மட்டும் ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை. அவளுக்கு இந்த நிகழ்ச்சி புதிது.

மஹிமா எழுந்து நின்றாள். வங்காளத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பூஜைக்கு முன்னாடியே தெரியும், காக்கிமா. குழாய்த் தண்ணியை யாரும் குடிக்காதீங்க. இதை எனக்குச் சொன்னது ஸ்ரீநிவாஸ்."

எல்லாத் தலைகளும் மேல்படிக்குத் திரும்பின. அவன் அவளைப் பார்த்தான்.

"மஹி, வேணாம்" என்றான் தமிழில், உதடு அசையாமல்.

"எல்லாருக்கும் புரியற மாதிரி பேசுடா."

ஸ்ரீநிவாஸ் போனைச் சட்டைப்பையில் போட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டான். காக்கிமா நின்ற திசையைத் தவிர்த்து, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே எங்கோ பார்த்தபடி, தாழ்ந்த குரலில், யாரையும் போலி செய்யாமல் சொன்னான்:

"உறுதிப்படுத்தப்படாத தகவல்களை நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது. நாம் ஒரே குடும்பம்."