குலசிங்கத்தின் மரண அறிவித்தல்

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழர் செத்தால் அரை மணித்தியாலத்துக்குள் பக்கத்து நகரமான மார்க்கம் வரை தெரிந்துவிடும். யாராவது மரண அறிவித்தலின் இணைப்பை வாட்ஸ்அப்பில் போடுவார்கள். செத்தவரைத் தெரியுமோ தெரியாதோ, திறந்து பார்க்காமல் ஒருவரும் விடமாட்டார்கள். செத்த வீட்டுக்குப் போகாதவர் பிறகு தமிழ்க் கடையில் நாலு பேருக்கு முகம் கொடுக்க வேண்டுமே.

இதை நன்றாக அறிந்த ஒரு கள்ளன்தான் அந்தப் பொய் அறிவித்தலைச் செய்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை எங்கள் அலுவலகத்தில் றொய்சன் அதைத் திறந்தான். அவனுடைய போன் பூட்டிக்கொண்டது. உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது.

அலுவலகம் என்றால் முதலாளி குலசிங்கம் அண்ணை, றொய்சன், நிலாணியாகிய நான். ஒரு மின்சாரக் கம்பனியின் கணினிகளைப் பார்க்கிறோம். அதனால், இணையத் தாக்குதல் பற்றிய தகவலைப் பகிரச் சொல்லும் புதுச் சட்டம் எங்கள் மூன்று பேரையும் தேசப் பாதுகாப்பில் சேர்த்துவிட்டது.

அண்ணை உடனே மோர்னிங்சைடில் இருக்கும் தன் அக்கா புனிதவதிக்குக் கோல் எடுத்து எச்சரிக்கப் போனார். அக்கா எந்த மரண அறிவித்தலையும் திறக்காமல் விடமாட்டார். போன வருடம் காலமான அவருடைய கணவரின் குரல் அந்தப் போனில் ஒரேயொரு பதிவாக இருந்தது: "பாண் முடிஞ்சுதெண்டனீர், வாங்கிக்கொண்டு வரட்டோ?" அதைக் கேட்காமல் அக்கா காலைத் தேத்தண்ணீர் குடிப்பதில்லை.

தடுத்தது நான்தான். அந்தச் சட்டத்துக்கென்றே இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள் நான். தகவலை முதலில் அரசாங்கத்துடன்தான் பகிர வேண்டும், அவர்கள் விடும்வரை வேறு ஒருவருக்கும் சொல்லக்கூடாது, மீறினால் தண்டம் கம்பனியையே விழுங்கிவிடும் என்றேன். அண்ணை போனை வைத்தார்.

படிவம் நாற்பத்தொரு பக்கம். பாதுகாப்புப் பிரிவின் தலைவர் யார் என்று கேட்டது. என் பெயரை எழுதினேன். சட்டப் பிரிவின் தலைவர்? அதற்கும் என் பெயர்தான். இந்த இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் எப்படித் தீர்ப்பீர்கள் என்று கேட்ட இடத்தில் எனக்கு உண்மையாகவே விசர் வந்தது. இரண்டு நாள் மூன்று பேரும் படிவம் நிரப்பினோம். மின்சாரக் கம்பனியின் கணினிகளைக் கடவுள் பார்த்துக்கொண்டார். அனுப்பிய மறுநிமிடம் பதில் வந்தது. பகிர்ந்தமைக்கு நன்றி, மற்றவர்களுக்குச் சொல்லும் அனுமதிக்குப் பத்து வேலைநாள் பொறுக்கவும்.

கள்ளனுக்குப் படிவம் இல்லை. புதன்கிழமை, றொய்சனின் போனில் இருந்து களவெடுத்த படத்தோடு அடுத்த அறிவித்தல் சுற்றியது: குலசிங்கம் காலமானார். பின்னேரம் அவர் வீட்டு வாசலில் இருபது கார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று சனம் இடியப்பமும் சொதியுமாக வந்து நின்றது. காலமானவரே கதவைத் திறந்தார். காரணம் சொல்லச் சட்டம் விடாததால், வாங்கோ, இருங்கோ என்று மட்டும் சொன்னார்.

புனிதவதி அக்கா பஸ்ஸில் வந்து இறங்கி, தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்துத் தன் போனை நீட்டினார்.

"உன்ர அறிவித்தலைத் திறந்தனான் தம்பி, அதோட உது வேலை செய்யுதில்லை. ஒருக்காப் பார்."

அண்ணை பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் போனை வாங்கிப் பார்த்தேன்; றொய்சனுடையதைப் போலவே எல்லாம் போயிருந்தது.

பத்து வேலைநாளும் முடிந்தபிறகு அனுமதி வந்தது. ஆபத்தில் உள்ளவர்களை இனி எச்சரிக்கலாமாம். நானே அதை அச்சடித்து மோர்னிங்சைடுக்குக் கொண்டுபோய், அக்காவுக்கு வாசித்துக் காட்டி, அண்ணையைத் தடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தேத்தண்ணீர் போட்டுத் தந்தார்.

"எனக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்ல எவ்வளவு நேரம் போயிருக்கும், பிள்ளை?"

"அரை நிமிசம்கூட ஆகாது, அக்கா."

"அவர் அதில கதைச்சதும் அவ்வளவுதான்," என்றார்.