அழைக்காத எண்

கூதிர் காலம் வந்துவிட்டால் கொங்கு நாடு குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆர்ப்பரித்து வந்த காற்று இருந்த சுவடே இராது. வெள்ளியங்கிரியின் முடி மேகத்துள் புகுந்து நாட்கணக்கில் முகம் காட்டாது. மழை பெய்கிறது என்றும் சொல்ல இயலாது, ஓய்ந்தது என்றும் சொல்ல இயலாது. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரம் விடாது. வாசலில் ஏற்றிய கார்த்திகை அகல், ஏற்றிய கை திரும்புமுன்னே அவிந்து போகும். நெஞ்சில் எதையேனும் ஒளித்து வைத்திருப்பவருக்கு இதைப்போல் இசைந்த பருவம் வேறில்லை.

புவனா ஒளித்து வைத்திருந்தாள்.

சூலூர்த் தறிக்காரர் மகள் அவள். கோயம்புத்தூரில் மருத்துவத் தகவலியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. நோயாளிகளின் குறிப்புகளைக் கணினியில் பிழையறக் காக்கும் கல்வி அது. அவள் ஆய்வேட்டுக்கு இடம் தந்த மருத்துவமனையில் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் விழுந்து கிடந்தன. பெயர், ஊர், வயது, தொலைபேசி எண் நான்கும் ஒத்தால் ஒருவரே எனக் கொண்டு அவற்றை இணைக்க அவள் நிரல் எழுதினாள். நானூற்றுப் பன்னிரண்டு இணைகள் வந்தன. இணைக்குமுன் ஒவ்வொரு வீட்டையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, ‘உறுதி’ என்று குறிக்க வேண்டும். முந்நூறு வரை கேட்டாள். ஆய்வேட்டின் கெடு நெருங்கியது. எஞ்சியவற்றுக்கு அழைக்காமலே குறியிட்டாள். நான்கும் ஒத்தவர் வேறு ஆளாகவா இருக்கப் போகிறார்?

இருக்கலாம் என்பதை அவளன்றி யார் அறிவார்? பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுகிற நாடு. அவள் உறவிலேயே சுப்பண்ணன்கள் இருவர். மேக்காலூட்டுச் சுப்பண்ணன், கெழக்காலூட்டுச் சுப்பண்ணன் என்றுதான் பிரித்து அழைப்பார்கள்.

புரட்டாசிக் கடைசியில், ஆனைமலைப் பக்கத்திலிருந்து அப்புசாமி என்பவரைக் கடுங்காய்ச்சலில் நினைவிழந்த நிலையில் அந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மருந்து எதுவும் ஆகாதா என்று கேட்டதற்கு, “எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே ஏத்தியிருக்குதுங்களே” என்றாள் மனைவி பத்மாவதி. திரையில் ‘ஒவ்வாமை இல்லை’ என்றிருந்தது. அது அவருடைய சித்தப்பா மகனின் குறிப்பு, அவனும் அப்புசாமியே. பென்சிலின் ஆகாது என்ற இவருடைய குறிப்பு, இணைப்பில் அழிந்து போயிருந்தது. அந்த ஊசி போட்ட அரைமணியில் அவர் அடங்கினார். ‘உறவினர் தெரிவிக்கவில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

மறுமாதத் தணிக்கையில் இறந்தவரின் தொலைபேசி எண்ணைப் புவனா கண்டாள். தான் அழைக்காமல் குறியிட்ட எண்.

அவள் சொன்னதைக் கேட்ட ஆய்வு வழிகாட்டி பிரத்யுஷா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி உனக்கு வைவா. கேட்காமலே கேட்டதா எழுதினேன்னு நீயே சொன்னா டிகிரி கிடையாது. அரிச்சந்திரன் வம்சமா நீ? பேசாம இரு.”

பேசாமல்தான் இருந்தாள், பதினெட்டு நாள். அமாவாசையன்று விடியலில் அந்த எண்ணை அழைத்தாள்.

“ஏனுங்க, அப்புசாமிங்களா?”

“எந்த அப்புசாமிங்க வேணும் அம்மணி? இருக்கறவனா, போனவனா?”

எதிர்முனையில் அவனே தொடர்ந்தான்: “நான் இருக்கறவனுங்க. ரெண்டூட்டுக்கும் இந்த ஒரு நம்பர்தான். அண்ணன் போய்ச் சேந்துட்டாருங்க. அண்ணி வாயத் தொறந்து சொல்லாமக் கொன்னுபோட்டாள்னு பெரியம்மா அவ கையில தண்ணிகூட வாங்கிக் குடிக்கறதில்லீங்க. இன்னைக்கு ரெண்டு பேரும் மாசாணியாத்தா கோயிலுக்குப் போறாங்க, மொளகா அரைக்க.”

அன்றே கேட்டிருந்தால் கால் நிமிடம். அவ்வளவே ஆகியிருக்கும்.

நடந்ததை ஒளிவின்றி ஒரு தாளில் எழுதினாள். துறைக்கும் மருத்துவமனைக்கும் மின்னஞ்சலில் அனுப்பினாள். தாளை மடித்துக்கொண்டு பொள்ளாச்சிப் பேருந்தில் ஏறினாள். சாளரத்துக்கு வெளியே தென்னந்தோப்புகள் நனைந்து தலை கவிழ்ந்து நின்றன.

நீதி கேட்போர் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசும் சன்னிதி மாசாணியாத்தாளுடையது. அம்மி முன் வெண்ணிறச் சேலையில் ஒருத்தி அரைத்துக்கொண்டிருந்தாள். இரண்டடி தள்ளி, முகத்தைத் திருப்பி, மாமியார் நாச்சியம்மாள்.

“பத்மாவதிங்களா? யாருக்காக அரைக்கறீங்க?”

“பேரு தெரியாதுங்க. எங்கூட்டுக்காரர் எழுத்தை அழிச்சவன் எவனோ, அவனுக்கு.”

“அவன் இல்லீங்க. நானுங்க.”

குழவி நின்றது. புவனா தாளை நீட்டினாள். பத்மாவதி தன் சிவந்த கைகளைப் பார்த்துக்கொண்டாள். “படிங்க. எங்கத்தைக்குக் கேக்கற மாதிரிப் படிங்க.”

படித்தாள். ‘மனைவி மீது பிழையில்லை, பிழை முழுதும் என்னுடையது’ என்னும் வரியை நாச்சியம்மாள் பக்கம் திரும்பி இன்னொரு முறையும் படித்தாள்.

நாச்சியம்மாள் மருமகள் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள். “பத்மா, அந்தச் சொம்புத் தண்ணியக் குடு.”

பத்மாவதி கழுவிய கையால் கொடுத்தாள். கிழவி குடித்தாள். சத்தமின்றி இருவரும் அழுதார்கள்.

“உங்க படிப்பு?” என்றாள் பத்மாவதி.

“போயிருமுங்க.”

“மன்னிக்கறதுக்கு எனக்கு மனசு வல்லீங்க.”

“வேண்டாமுங்க. அரைச்சதைக் குடுங்க.”

புவனா இரண்டு அப்புசாமிகளின் தந்தையர் பெயர்களையும் கேட்டறிந்து, அம்மியிலிருந்து விழுதை வழித்தெடுத்துக் கல்லின் முன் நின்றாள். தனக்கென ஒன்றும் கேட்கவில்லை. முதலில் ஒரு தந்தையின் பெயரும் அவர் மகன் அப்புசாமியின் பெயரும் சொல்லிப் பூசினாள். பின்பு மற்றொரு தந்தையின் பெயரும் அவர் மகன் அப்புசாமியின் பெயரும் சொல்லிப் பூசினாள். இருவரையும் இருவராக அவள் சொன்னது அதுவே முதல் முறை. உள்ளங்கை எரிந்தது. துடைக்காமல் கூப்பினாள்.

பத்மாவதி சொம்பில் மிஞ்சிய நீரை அந்தக் கைகளின் மேல் மெல்லச் சாய்த்தாள்.

“இனி நீ தொடற எழுத்துல ஒரு உசிரும் பிசகாம இருக்கட்டும், அம்மணி. ஆத்தா துணையிருப்பா.”