செந்தூரன் இருமிய பூ

2010 ஆம் ஆண்டு, தென்கோளத்துக் குளிர்காலமான ஆடி மாதம் தொடங்கி கிரான்பர்னில் இராஜேஸ்வரி வீட்டுப் பின்வளவில் மட்டும் பனி கொட்டியது. முன்வளவில் இல்லை. அடுத்த வீட்டார் வெயிலில் உடுப்புக் காயப்போட, வேலிக்கு இந்தப் பக்கம் முழங்கால் அளவுக்கு வெள்ளையாகக் கிடந்தது. நகரசபை ஆள் ஒருவர் வந்து பார்த்து, குழாய்களுக்குத் துணி சுற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். இராஜேஸ்வரியின் தம்பி செந்தூரன், முந்தின வருடம் ஊரில் யுத்தம் முடிந்த அன்று கைகளை உயர்த்திக்கொண்டு ஆமிக்காரரிடம் போனவன். மனைவி தாட்சாயினி பார்த்திருக்க பஸ்ஸில் ஏற்றினார்கள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் படகில் இந்த நாட்டுக்கு வந்து, விசா கிடைத்து, மச்சாள் வீட்டில் தங்கினாள். பொட்டை அழிக்கவும் மனமில்லை, நிம்மதியாக வைக்கவும் முடியவில்லை. டண்டினொங் மலையில் செடி வளர்த்து விற்கும் ஒரு நேர்சரியில் வேலை. அங்கே முதலாளியம்மா ஹெலன் கழித்துப்போட்ட ட்ரில்லியம் கிழங்கொன்றை எடுத்து வந்தாள். அது குளிர்தேசக் காட்டு நிழலில் வசந்தத்தில் பூக்கும் செடி, கடுங்குளிர் இல்லாவிட்டால் எழும்பாது, கிரான்பர்னில் சரிவராது என்று ஹெலன் சொல்லித்தான் கொடுத்தாள். தாட்சாயினி மேப்பிள் மரத்தடியில் அதை உக்கிய இலைகளோடு புதைத்து, குளிரைத் தா என்று கேட்டாள். ஒரு வருடமாக வேறொன்றைக் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தவள் அவள். அதைக் கொடுக்காத தெய்வம் இதை அன்றைக்கே கொடுத்தது. தெய்வங்களின் போக்கு அப்படி.

ஐப்பசி வசந்தத்தில் ஒரு தண்டு, மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ். பூவுக்குள் செந்தூரன் இருமினான். காலையில் பல் விளக்கும்போது இருமுகிற அதே சின்ன இருமல். இராஜேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து காது கொடுத்தாள்.

"தம்பிதான். சளி இன்னும் போகேல்லை," என்றாள்.

அந்த மாதம் கேதார கௌரி விரதம் வந்தது. புருஷனின் ஆயுளுக்காகப் பெண்கள் நோன்பிருந்து, கடைசி நாளில் கோயிலில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். இவள் காப்புக் கட்டலாமோ என்று சிலர் அவள் காதில் விழவே கதைத்தார்கள். அந்த வாய்களை அடைக்கும் ஆத்திரம் ஒரு பக்கம். சிவனுக்குக் கொடுக்க இதைவிட நல்லது தன்னிடம் இல்லை என்ற நினைப்பு மறுபக்கம். வில்வம்போல மூன்றாக விரிந்த இலைகளோடு சேர்த்துப் பூவைக் கிள்ளித் தட்டில் வைத்தாள். விரதகாரி யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். காப்புக் கட்டியபின் பூவைக் காதருகே பிடித்தாள். சத்தமில்லை.

அந்த மூன்று இலைகளால்தான் கிழங்கு வருடம் முழுதுக்கும் சாப்பிடுகிறது, இலையைப் பறித்தால் பட்டினி, திரும்பி வருவது நிச்சயமில்லை என்றாள் ஹெலன். தாட்சாயினி வீட்டுக்கு வந்து குசினி நிலத்தில் குந்தினாள்.

"நானெல்லே அவரைப் பட்டினி போட்டனான், மச்சாள்."

2011இல் பனி வந்தது, செடி வரவில்லை. 2012இலும் அப்படியே. அவள் மலையிலிருந்து பை பையாக உக்கிய இலை கொண்டுவந்து போட்டாள். மரத்தடியில் மண்டியிட்டு மண்ணோடு காதை வைத்துக் கிடந்ததில் ஒரு பக்கக் கன்னம் கறுத்துப்போனது. சாப்பாடு இறங்கவில்லை. தோண்டிப் பார்க்கக் கை துடிக்கும். தோண்டினால் செத்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்திலேயே இளைத்து எலும்பானாள். அதைப் பார்க்கமுடியாமல் 2013இல் இராஜேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"எத்தினை வருசத்துக்குப் பிள்ளை? ஐயரோட கதைச்சிட்டன். அந்தியேட்டியைச் செய்து போடுவம்."

"ஓம் எண்டு சொன்னா, அவரைச் சாகக்குடுக்கிறதும் நான்தானே?"

அவள் ஓம் சொல்லவில்லை, மறுக்கவும் தெம்பில்லை. செத்தவருக்குச் செய்யும் அந்தக் கிரியைக்குப் புரட்டாசியில் நாள் குறித்தார்கள். அன்று காலை கிரியைக்கு இடம் வேண்டுமென்று மரத்தடிப் பனியைச் சவளால் வாரப்போன இராஜேஸ்வரி, அதை அப்படியே போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். மண்ணைக் கீறிக்கொண்டு மூன்று இலை நின்றது. பூ இல்லை. தாட்சாயினி குனிந்தாள். இருமல் இல்லை, மூச்சுத்தான் கேட்டது, களைத்துப்போய் நித்திரையில் இருப்பவன் விடுகிற மூச்சு. அப்போதுதான் அவள் அழுதாள்.

தர்ப்பைக் கட்டோடு வந்த ஐயரும் குனிந்து கேட்டார். "உயிரோட இருக்கிறவருக்கு இதைச் செய்யேலாது," என்று தர்ப்பையைப் பைக்குள் வைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருட விரதத்துக்குத் தாட்சாயினி கடையில் செவ்வந்தி வாங்கிக்கொண்டு போய்க் காப்புக் கட்டினாள். இராஜேஸ்வரி அடுத்த குளிர்காலத்தில் பனி வாரவென்று இன்னொரு சவள் வாங்கி வைத்தாள்.